27 பாத்திகளையும் ஒரே கண்ணால் பார்த்தவர்களுக்கு

காங்கேயம், மூலனூர், குண்டடம் பக்கத்தில் சோள ரக ஒப்பீட்டுக்குக் காடு கொடுத்தவர்களுக்கும் கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

தை அறுப்பு முடிந்து கடைசி மூட்டையையும் காயவைத்து நிறுத்தாயிற்று. 2015இல் வெளிவந்த கே 12, 2020இல் வெளிவந்த கோ 32, நம் வீடுகளின் குதிரில் கிடந்த மஞ்சள் சோளம் என மூன்று ரகங்கள். ஊருக்கு 9 பாத்திகள். ஒவ்வொரு ரகமும் மூன்று இடங்களில் வரும்படி சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மேட்டில் விழுந்த பயிர் வாடினால் குறை ரகத்திலா, மண்ணிலா என்று தெரிய வேண்டுமே.

மூலனூர் மாமாவுக்கு முதல் நன்றி. கார்த்திகையில் மழை தள்ளிப்போனபோது அவருடைய சொந்த விதையில் வந்த பாத்திதான் முதலில் சுருண்டது. பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. "நாலு குடம் ஊற்றிவிடலாம் என்று கை துடித்தது மாப்பிள்ளை. ஊற்றவில்லை" என்றார். பெற்ற பிள்ளை வாடுவதைப் பார்ப்பது போலத்தான் அவர் வரப்பில் நின்றிருந்தார். அந்தப் பாத்தியின் எடையை நோட்டில் எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது.

குண்டடத்து அக்கா விடியற்காலையில் போன் செய்து, "தம்பி, மயில் இறங்கிவிட்டது. இந்த இரண்டு பாத்தியையும் கணக்கில் சேர்க்காதே" என்றார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்துக் கதிரை அறுத்து மூட்டையை நிரப்பியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. அந்த இரண்டு வெற்றுக் கட்டங்கள்தான் மற்ற எண்களை நம்ப வைக்கின்றன.

காங்கேயத்து அப்புச்சிக்கு (அம்மா வழித் தாத்தாவுக்கு) நான் பட்டிருக்கும் கடன் வேறு வகை. என் நோட்டில் மணிக்கு மட்டுமே கட்டம் போட்டிருந்தேன். "தட்டு எங்கே?" என்று ஒரே கேள்வி கேட்டார். கதிர் அறுத்தபின் தீவனமாகும் சோளத் தண்டுதான் தட்டு. கோடையில் மாட்டைக் காப்பாற்றுவது அந்தத் தட்டுப்போர்தான் என்பதை மறந்துவிட்டு ரகத்தை அளக்கப் போயிருக்கிறேன். ரகம் ரகமாகக் கட்டுக் கட்டி, மாட்டுக்குப் போட்டு, அது தின்னாமல் ஒதுக்கியதையும் தராசில் வைக்கச் சொன்னார். இளம் சோளப்பயிரில் நஞ்சு இருக்கும் என்பதால் முதல் மாதங்களில் கன்றுகளைக் காட்டுப் பக்கமே விடாமல் கட்டிக் காத்தவரும் அவர்தான்.

இளம் பயிரின் குருத்தைக் கெடுக்கும் குருத்து ஈக்குக் கருவாட்டுப் பொறி வைக்கச் சொல்லிக்கொடுத்த வேளாண் அலுவலருக்கும், பள்ளி விட்டதும் தகரம் தட்டிக் கிளி விரட்டிய பிள்ளைகளுக்கும் நன்றி. அறுப்புக்கு வந்த பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர வரிசைக்கு வெயிலும் ஈரமும் கூடுதலாகக் கிடைப்பதால் அந்தக் கதிரை எடையில் சேர்க்கக்கூடாது என்று ஒருமுறைதான் சொன்னேன். அறுத்த ஒவ்வொரு பாத்தியிலும் ஓரம் தனியாக, நடு தனியாகவே களத்துக்கு வந்து சேர்ந்தது.

மூன்று ஊரிலும் ஒரே ரகம் முந்தவில்லை. மணியில் முந்தியது தட்டில் பின்தங்கியது. ஒரே ஒரு பருவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வரும் புரட்டாசியில் அதே காடுகளைத் திரும்பக் கேட்டு வருவேன். எடை நோட்டின் நகல் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேரும், மாமாவின் வாடிய பாத்தி உட்பட.

அப்புச்சி, உங்களிடம் வாங்கியது ஒரு வள்ளம் அளவு விதை. இரண்டு வள்ளமாக, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.