லெட்டர்பேடில் வந்த வீட்டுச் சண்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநல நிபுணர்கள் மீது புகார் கொடுப்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிகிச்சை அறைக்குள் நடக்கும் தவறுகளை விரிவாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் அவர்களது சொந்த வாழ்க்கை, தொழில் உரிமம் கொடுக்கும் வாரியத்தின் எல்லைக்குள் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதே வரியை யாரோ சொல்லக் கேட்டுத்தான் என் தங்கை நான்கு வருடம் வாய் திறக்காமல் இருந்தாள்.

அவளுடைய முன்னாள் கணவர் உரிமம் பெற்ற உளவியலாளர். சண்டை வந்தால் கத்த மாட்டார். குரலைத் தாழ்த்தி, "இப்போ பேசுறது நீ இல்லை, உன் பர்சனாலிட்டி டிஸார்டர்" என்பார், அதாவது ஆளுமைக் கோளாறு என்ற மனநலக் குறைபாடு. அவளை யாரும் எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை. பிரிந்த பிறகு, குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு வந்தபோது, அதே வார்த்தையைத் தன் லெட்டர்பேடில் எழுதி, பெயருக்குக் கீழே பட்டத்தையும் பதிவு எண்ணையும் போட்டுக் கொடுத்தார். இதையும் சொந்த வாழ்க்கை என்றா சொல்வது?

உங்கள் வரி முழுக்கத் தவறில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகள், முற்றிலும் அந்தரங்கமான நடத்தை தங்கள் வரம்பில் வராது என்று தொடக்கத்திலேயே சொல்கின்றன. ஆனால் அது சங்கம். மிஞ்சிப்போனால் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கும், உரிமத்தைத் தொட முடியாது. வாரியம் வேறு, அதன் சட்டமும் வேறு. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானால், போதைப் பழக்கம் இருந்தால், பல வாரியங்கள் நடவடிக்கை எடுக்கின்றன. பிரிட்டனில் உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு, தொழிலின் மீது மக்களுக்குள்ள நம்பிக்கையைக் குலைக்கும் நடத்தையை, அது வேலைக்கு வெளியே நடந்திருந்தாலும், விசாரிக்கும். அதைவிட முக்கியம், அந்த அமெரிக்க நெறிமுறைகளே ஒருவரை முறையாகப் பரிசோதிக்காமல் அவரது மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்து தரக்கூடாது என்கின்றன. லெட்டர்பேடை எடுத்த நிமிடமே அவர் கணவர் வேஷத்தைக் கலைத்துவிட்டார்.

எங்கள் முதல் புகார் பதினொரு பக்கம். உட்கார்ந்து எழுதியது நான்தான். அவர் சொன்ன பொய்கள், வைத்த கடன், வேறொரு பெண்ணுடன் பழகியது எல்லாம் அதில் இருந்தது. லெட்டர்பேடு விஷயம் ஒன்பதாம் பக்கத்தில். "எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்று பதில் வந்தது. அன்று வாரியத்தைத் திட்டித் தீர்த்தேன். இப்போது அந்தப் பதினொரு பக்கத்தைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. துரோகம் செய்தார் என்பதற்காக ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக் கேட்பது நியாயமில்லை. அந்தப் பெண் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவராக இருந்திருந்தால் கதையே வேறு. சிகிச்சை முடிந்து 2 ஆண்டுகள் வரை பாலுறவு கூடவே கூடாது என்பது உளவியலாளர்களுக்கு அமெரிக்க உளவியல் சங்கம் வைத்த விதி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் எந்தக் காலத்திலும் கூடாது என்கிறது.

இரண்டாவது புகார் ஒன்றரைப் பக்கம். அந்தக் கடிதத்தின் தேதி, அதில் இருந்த இரண்டு வாக்கியங்கள், அவளை அவர் பரிசோதித்ததே இல்லை என்ற விவரம், நகல். கூடவே, சாப்பாட்டு மேசையில் தன்னிடம் வரும் ஒருவரின் ரகசியத்தைப் பெயரோடு அவர் சொன்னது. அந்தப் பெயரை எழுதப் போனவள் பேனாவை வைத்துவிட்டாள். "இவர்கிட்ட வந்ததுதான் அவங்க செஞ்ச தப்பு, நாமளும் ஏன் அக்கா வெளியில சொல்லணும்?" என்றாள். பெயர் இல்லாமலேதான் அனுப்பினோம்.

இந்த நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. அடிதடி, மிரட்டல் என்றால் முதலில் போலீஸ். வாரியம் உரிமத்தைப் பார்க்குமே தவிர உங்களைக் காப்பாற்றாது. பெரும்பாலும் உங்கள் புகாரை அவருக்கும் காட்டித்தான் விளக்கம் கேட்பார்கள். அதற்குத் தயாராக இருந்துகொண்டு அனுப்புங்கள்.

விசாரணைக்கு எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் முடியாததால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி