விசாரணையால் விளையும் சேதத்துக்கு யார் பொறுப்பு? நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. மகள் மேற்படிப்பை முடித்துவிட்டாள் என்ற செய்தியில் அதைவிட மகிழ்ச்சி. என் பக்கம் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கல்லூரியில் இந்தப் பருவத்துக்கு அரசின் சட்டப்பொறுப்பு என்ற பாடத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதனால் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் நீ கேட்டிருந்த கேள்வி என்னை விடுவதாக இல்லை. பொதுப்பணத்தைக் களவாடுபவனைத் தேடிச் செல்லும் அலுவலகம், வழியில் நிரபராதி ஒருவரின் வாழ்க்கையைக் குலைத்துவிட்டால் இழப்பீடு கொடுக்கத்தான் வேண்டுமா, அப்படிக் கொடுக்கத் தொடங்கினால் அதற்குப் பிறகு எந்த அதிகாரி துணிந்து கோப்பில் கையெழுத்திடுவார் என்று கேட்டிருந்தாய். பணிக்காலம் முழுவதையும் தணிக்கைத் துறையில் கழித்தவன் கேட்கும் கேள்வி என்பதால் அதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் பொய்த்துப்போனது என்பதற்காக மட்டும் எந்த நிறுவனமும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நியாயமான காரணத்தோடு சந்தேகப்படுவது அவர்களுடைய வேலை. சந்தேகங்களில் பாதி பொய்க்கத்தான் செய்யும். ஆனால் எதிர்த்தரப்பை அழைத்துக் கேட்பது, முடிவு தெரியும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது, குற்றத்தை நிரூபிக்கும் பளுவைத் தானே சுமப்பது ஆகிய மூன்றும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. இவற்றை மீறியதால் ஒருவருக்குச் சேதம் நேர்ந்தால், மீறியவர் நல்ல எண்ணத்தோடு மீறினாரா கெட்ட எண்ணத்தோடு மீறினாரா என்று ஆராயாமலேயே நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மோசடித் தடுப்பு அலுவலகமான ஓலாஃப் இந்தப் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999-இல் அமைக்கப்பட்ட அந்த அலுவலகத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. விசாரித்து அறிக்கை எழுதி, உறுப்பு நாட்டின் அரசு வழக்கறிஞருக்கோ சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கோ அனுப்பிவைப்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. இந்த அடக்கமான தோற்றத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அறிக்கை யாருடைய சட்ட நிலையையும் மாற்றுவதில்லை, அது வெறும் முன்னேற்பாடு என்று சொல்லி, அதை ரத்துசெய்யக் கோரும் மனுக்களை ஒன்றிய நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அறிக்கையில் பெயர் வந்தவுடன் பதவி போகிறது, பத்திரிகையில் படம் வருகிறது, நண்பர்கள் ஒதுங்குகிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் இன்னும் எதுவுமே நடக்கவில்லை! ஆகவே பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாசல் இழப்பீட்டு வழக்குதான். ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 340-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது: நிறுவனங்களோ அவற்றின் ஊழியர்களோ கடமையின்போது விளைவித்த சேதத்தை ஒன்றியம் ஈடுசெய்ய வேண்டும்.

அந்த வாசல் வழியாக நுழைந்து வென்றவர்கள் சிலரே. ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் உயர் அதிகாரிகள் இருவர் தொடுத்த வழக்கில் 2008 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அவர்களை அழைத்துக் கேட்காமலேயே கோப்புகள் லக்சம்பர்க், பிரான்ஸ் நாடுகளின் நீதித்துறைக்கு அனுப்பப்பட்டதையும், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே செய்திகள் வெளியே கசிந்ததையும், குற்றம் நிரூபணமாகும் முன்பே குற்றவாளிகள் போல அவர்கள் நடத்தப்பட்டதையும் நீதிமன்றம் தவறென்று கண்டு 56,000 யூரோ வழங்கியது. இதற்கு முன் 2006-இல் இன்னொரு அதிகாரிக்கு 10,000 யூரோ கிடைத்தது. அங்கே பிரச்சினை வேறு: விசாரித்தவர்களில் ஒருவருக்கே அந்த விவகாரத்தில் சொந்த நலன் இருந்தது. 2007-இல் தனிப்பட்ட விவரங்கள் கசிந்ததற்காக மற்றொருவருக்கு 3,000 யூரோ கொடுத்தார்கள். தொகைகளைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கே அவை காணாது. இருந்தாலும் நான் மதிப்பது தொகையை அல்ல, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தர்க்கத்தை. அதிகாரிக்குத் தேர்வுரிமை, அதாவது தன் மதிப்பீட்டின்படி முடிவெடுக்கும் உரிமை, விரிவாக இருக்கும் இடத்தில் கடுமையான, வெளிப்படையான மீறல் இருந்தால்தான் பொறுப்பு எழும். தேர்வுரிமை சுருங்கிவிட்ட அல்லது இல்லவே இல்லாத இடத்தில் சாதாரண மீறலே போதுமானதாகலாம் என்பது அந்த நீதிமன்றங்கள் வகுத்த கோட்பாடு. நான் மேலே சொன்ன மூன்று கடமைகளும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்றே கருதுகிறேன்.

இங்கிலாந்தின் மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே விசாரிப்பவர், விசாரிக்கப்படுபவருக்குக் கவனக் கடமை எதற்கும், அதாவது அவருக்குச் சேதம் நேராதபடி நியாயமான கவனத்தோடு நடக்கும் கடமைக்கு, பெரும்பாலும் கட்டுப்பட்டவர் அல்லர். பொதுப்பதவியைக் கெட்ட எண்ணத்தோடு அல்லது தெரிந்தே அலட்சியமாகப் பயன்படுத்தினார் என்று நிரூபிக்க வேண்டும். கோப்புகள் எல்லாம் எதிராளியின் அலமாரியில் இருக்கும்போது அதை எப்படி நிரூபிப்பது? ஆள்பலமும் பணபலமும் உள்ளவர்களுக்கு வழி திறக்கிறது என்பதும் உண்மை. ஐஸ்லாந்து வங்கி ஒன்றின் சரிவை விசாரித்த பிரிட்டனின் கடும் மோசடி அலுவலகம், சகோதரர்களான தொழிலதிபர்கள் இருவரின் இடங்களைச் சோதனையிட்டது. அதற்கான சோதனை ஆணைகளை நீதிமன்றம் 2012-இல் சட்டவிரோதமென்று ரத்துசெய்தது. 2014-இல் ஒருவருக்கு 30 லட்சம் பவுண்டும் மற்றவருக்கு 15 லட்சம் பவுண்டும் கொடுத்து அலுவலகம் சமாதானமாயிற்று. சாதாரணக் குடிமகன் ஒருவன் அதே அலுவலகத்தோடு அவ்வளவு தூரம் மல்லுக்கட்டியிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்.

சாதாரணக் குடிமக்களின் கதை வேறு மாதிரிப் போகிறது, சுந்தரம், நான் அதிகம் தூக்கமிழந்ததும் அங்கேதான். அரசு உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டதாகக் கணினி கணக்கிட்டுத் திருப்பிக் கேட்ட ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டத்தை எடுத்துக்கொள். உதவித்தொகை பெறுவோர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தின் வருமானத்தைப் பொறுத்தே தொகை அமையும். வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். கணினி அதை எடுத்து 26-ஆல் வகுத்தது. ஓர் ஆண்டில் முதல் பாதி வேலையின்றி உதவித்தொகை வாங்கி, பின் பாதியில் வேலை கிடைத்து 26,000 டாலர் சம்பாதித்தவர் ஒருவரை நினைத்துக்கொள். கணினியின் கணக்கில் அவர் ஆண்டு முழுவதும் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்துக்கொண்டே உதவித்தொகையும் வாங்கியவர். உடனே கடன் அறிவிப்புக் கடிதம் போகும். தவறென்றால் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டு என்பார்கள். தணிக்கையாளனான உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை: சராசரியை வைத்து ஒரு குறிப்பிட்ட பட்டியலை மறுக்க முடியாது. நீயே அதை ஆட்சேபக் குறிப்பாக எழுதியிருந்தால் உன் மேலதிகாரி கிழித்துப் போட்டிருப்பார். அங்கே அதுவே லட்சக்கணக்கானோருக்கு எதிரான சான்றாயிற்று. இதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்பதை 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. 2020-இல் சுமார் 72 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அரச விசாரணை ஆணையத்தின் 2023 அறிக்கை அந்தத் திட்டத்தைக் கொடூரமானது, நியாயமும் சட்டமும் அற்றது என்று எழுதியது. முதல் சமரசத்தில் இழப்பீடாகக் கிடைத்தது 11 கோடியே 20 லட்சம் டாலர். ஆணையத்தின் முன் புதிய சான்றுகள் வெளிவந்த பிறகு, 2025-இல் மேலும் 47.5 கோடி டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது. அதாவது அலமாரி திறந்த பிறகுதான் உரிய விலை தெரிந்தது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் நடந்தது இதைவிடக் கொடியது. பெற்றோர் கட்ட வேண்டிய பங்கில் சிறு தொகை விடுபட்டிருந்தாலும் அந்த ஆண்டின் முழு உதவியையும் திருப்பிக் கேட்டார்கள். பல குடும்பங்களுக்கு அது பல்லாயிரம் யூரோ. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம்கூட நெடுங்காலம் அந்த விளக்கத்தையே ஏற்று, 2019 அக்டோபரில்தான் நிலையை மாற்றிக்கொண்டது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை 2020 டிசம்பரில் வந்தது. அடுத்த மாதமே அப்போதைய பிரதமர் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அடிப்படைத் தொகையாக 30,000 யூரோ என்று அரசு நிர்ணயித்தது. வீட்டையும் வேலையையும் மணவாழ்வையும் இழந்தவருக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு பேச்சு. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே காரணகாரியத் தொடர்பை நிரூபிக்க வேண்டும் என்ற சுவரை அது முதல் கட்டத்திலேனும் அகற்றியது.

அந்தச் சுவர்தான் இந்தத் துறையில் மிகப் பெரியது. உன் வேலை போனது விசாரணையாலா, அதற்கு முன்பே நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்ததாலா? உன் உடல்நலம் கெட்டது அறிவிப்புக் கடிதத்தாலா, வேறு காரணத்தாலா? அரசு வழக்கறிஞர்கள் இந்தக் கேள்விகளைச் சலிக்காமல் கேட்பார்கள். அவற்றில் நியாயமும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் விசாரணை அலுவலகமே பதிவேடுகளைச் சரியாக வைத்திருக்காமல், அந்தக் குறையைக் காட்டியே நிரூபணம் போதவில்லை என்று சொல்லும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

இனி உன் அச்சத்துக்கு வருகிறேன். பொறுப்பு வந்தால் அதிகாரிகள் கை நடுங்குவார்கள் என்கிறாய். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2007-இல் இதே வாதத்தைக் கேட்டது. விசாரிக்கும் காவல்துறை சந்தேக நபருக்கும் கவனக் கடமைப்பட்டதே என்று தீர்ப்பளித்தது. ஆனால் வழக்குத் தொடுத்தவர், செய்யாத குற்றத்துக்காகப் பல மாதங்கள் சிறையிலிருந்தவர், தோற்றார். ஏனென்றால் அன்றைய நிலையில் ஒரு நியாயமான அதிகாரி செய்யக்கூடியதையே காவலர்கள் செய்திருந்தார்கள். அதாவது தவறு நேர்ந்ததாலேயே பொறுப்பு எழவில்லை. முறையாக வேலை செய்தவரை அந்தக் கோட்பாடே காத்தது. அஞ்ச வேண்டியது யார் என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைப் பார்த்தால் தெரியும். வேலையின்மை உதவித்தொகை மோசடியைக் கணினியே தீர்மானித்த 22,427 முடிவுகளை மறுபடி சரிபார்த்தபோது 93 விழுக்காடு தவறென்று தெரிந்தது. அபராதமோ வாங்கிய தொகையைப் போல் நான்கு மடங்கு. மாநில அரசமைப்பின் கீழ் இழப்பீடு கோரலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. இங்கே கை நடுங்கக்கூட யாரும் இல்லை, சுந்தரம். கையெழுத்துப் போட்டதே மென்பொருள்தான். பொறுப்பு என்ற அச்சம் இருந்திருந்தால், அதை இயக்கும் முன் யாராவது ஒருவர் நூறு கோப்புகளையாவது கையால் சரிபார்த்திருப்பார்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இழப்பீடு நிறுவனத்தின் கணக்கிலிருந்து போகட்டும், தனி அதிகாரியின் சம்பளத்திலிருந்து அல்ல. உன் கவலையில் பாதி அதிலேயே தீரும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி, பணம் எப்படியும் வரி செலுத்துவோருடையதுதானே என்பது. ஆம், அவர்களுடையதுதான். விசாரணையால் பயனடைவதும் அவர்களே என்பதால், அதன் செலவு தற்செயலாக அகப்பட்ட ஒருவரின் தலையில் மட்டும் விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீ எழுதும்போது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல். ஓலாஃபின் இன்றைய விதிகளில், அறிக்கை முடிவாகும் முன் சம்பந்தப்பட்டவர் தம் கருத்தைத் தெரிவிக்கக் குறைந்தது 10 வேலை நாள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆட்சேபக் குறிப்புகளுக்கு வந்த பதில்களைப் படித்தே பழகிய உன் அனுபவத்தில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோப்புக்கு ஒரு தனிமனிதர் அந்த நாட்களுக்குள் உருப்படியான பதில் எழுத முடியுமா? முடியாது என்றால் எத்தனை நாள் கேட்கலாம்? மாணவர்களிடம் நான் அந்த எண்ணோடு போக விரும்புகிறேன்.

அன்புடன்,
உன் வேணு