செயலாளர் ஆண்டறிக்கை: முயல் மசாலும் நம் மேய்ச்சல் நிலமும்

எல்லோருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கட்டிவிடுங்கள். சரி, முயல் மசாலுக்கு, அதாவது ஸ்டைலோ என்ற பயறு வகைத் தீவனச் செடிக்கு வருகிறேன், வருஷம் முழுக்க நாம் பேசியது அதைத்தானே.

விதை முளைக்கவில்லை என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். விதை நல்ல விதைதான், தோல்தான் கெட்டி. அப்படியே தூவினால் பெரும்பாலானவை தண்ணீர் குடிக்காமல் மண்ணிலேயே கிடக்கும். 80 டிகிரி வெந்நீரில் நான்கைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலாக விதைத்தவர்களுக்கு நன்றாகவே வந்திருக்கிறது. ஹெக்டேருக்கு வரிசை விதைப்பு என்றால் 6 கிலோ, தூவினால் 10 கிலோ.

கோடையில் காய்ந்த புல்லில் புரதம் 7 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், அப்போது வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கே தீனி போதாது, மாடு புல்லையும் குறைவாகத்தான் தின்னும். முயல் மசால் சத்தில்லாத மண்ணிலும் வரும், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சில் பிடித்துக்கொள்ளும், மழை நின்ற பிறகும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும்.

ஆனால் "மசால் அமோகமாக இருக்கிறது" என்று உறுப்பினர்கள் சந்தோஷப்பட்ட சில நிலங்களைப் பார்த்து எனக்குக் கவலைதான் வந்தது. மழை தொடங்கியதும் மாடுகள் இளம்புல்லைத்தான் தேடும், மசாலைப் பெரிதாகத் தொடாது. அந்த நேரத்தில் மாடுகளை அளவில்லாமல் விட்டால் புல் வேரோடு அழிந்து, மசால் மட்டும் நின்று, செடிகளுக்கு நடுவே வெறும் தரை தெரிந்து, அடுத்த மழையில் மேல்மண் போய்விடும். போதாததற்கு, மசால் மட்டுமே ஆண்டுக்கணக்கில் நின்றால் மண்ணில் அமிலமும் ஏறும். அதனால் மூன்று பங்கு கொழுக்கட்டைப்புல்லுக்கு ஒரு பங்கு மசால் என்ற கலப்பையே சங்கம் சொல்கிறது. முதல் மழைக்குப் பிறகு புல் தழைக்கும்வரை அந்த நிலத்தில் மாடு விடாதீர்கள்.

அப்புறம், ஒரே இனத்தை எல்லோரும் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்ற ஒரே முயல் மசால் இனத்தை நம்பியிருந்தவர்களின் மேய்ச்சல் நிலங்களை 1970களில் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை நோய் சீரழித்தது. எனவே வரும் ஆண்டு புதர் போல வளரும் ஸ்கேப்ரா, தாழ்வாகப் படரும் ஹமாட்டா என்ற இரண்டு மசால் இனங்களும் கலந்தே விதை வாங்குகிறோம். வேண்டியவர்கள் நிலத்தின் அளவோடு அடுத்த கூட்டத்துக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.