விடுமுறை நாள்களிலும் மோசடிப் புகார் எண் இயங்க வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்
பார்சல் விநியோகப் பணியாளர் ஒருவர்
(பெயர், முகவரி தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நுகர்வோர் பாதுகாப்புத் துறை

பொருள்: விடுமுறைக் கால இணைய விற்பனை மோசடிகள் – புகார் எண் எல்லா நாள்களிலும் இயங்கவும், போலிக் குறுஞ்செய்திகளைத் தடுக்கவும், பார்சல் எடையை வாங்குபவருக்குத் தெரிவிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வீடு வீடாகப் பார்சல் கொண்டு சேர்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். விடுமுறைக் காலம் வந்துவிட்டால் என் வண்டியில் மூட்டை ஏறிக்கொண்டே போகும். ஏமாந்துபோய் வாசலில் நிற்கிறவர்களையும் அப்போதுதான் அதிகம் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த மனு.

போன விடுமுறைக் காலத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “தம்பி, இத பிரிச்சு மட்டும் குடுத்துட்டுப் போப்பா” என்றார். பேரனுக்காக ரிமோட்டில் ஓடும் கார் வாங்கியிருந்தார். பணம் முன்பே கட்டியாகிவிட்டது. பெட்டி நல்ல பெரிய பெட்டிதான். பிரித்தால் கசக்கிய செய்தித்தாள், அதற்குள் இன்னும் செய்தித்தாள், அடியில் சாவிக்கொத்தில் மாட்டும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கார். அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, “வேற பெட்டி ஏதும் வண்டியில இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கேயே அவர் வங்கிக்குப் போன் செய்தார். விடுமுறை முடிந்து அழைக்கச் சொல்லி ஒரு பதிவுக் குரல் பதில் சொன்னது. அரசு அலுவலக எண்ணில் மணி மட்டும் அடித்தது. அலுவலகங்கள் திறப்பதற்குள் விற்ற இணையதளமே காணாமல் போயிருந்தது. வங்கி விசாரித்தபோது, ‘பொருள் ஒப்படைக்கப்பட்டது’ என்று எங்கள் பதிவில் இருப்பதைக் காட்டிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்களாம். ஏமாற்றுகிறவன் எதற்காக ஒரு பெட்டியை மெனக்கெட்டு அனுப்புகிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் வாங்கிய கையெழுத்தே அவனுக்குச் சாட்சி ஆகிவிட்டது ஐயா. இது என் மனதை இன்றுவரை அறுக்கிறது.

ஆகவே என் முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: விடுமுறைக் காலம் முழுக்க, இரவும் பகலும், ஆள் எடுத்துப் பேசும் ஒரு புகார் எண் வேண்டும். அந்த எண்ணில் இருப்பவர் வங்கியோடு உடனே பேசிப் பணத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் பெற்றிருக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சில மணி நேரத்தில் நாலைந்து கணக்கு தாண்டிவிடும். முதல் மணி நேரத்தில் சொன்னால் பிடிக்க வழி உண்டு, மூன்று நாள் கழித்துச் சொன்னால் மிகவும் கடினம். எல்லோரும் வாங்கிக் குவிக்கும் நாள்களில்தான் நம் அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

அடுத்தது குறுஞ்செய்தி. “முகவரி சரியில்லை, பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்தவும்” என்று எங்களைப் போன்ற நிறுவனங்களின் பெயரிலேயே வருகிறது. இந்த நாள்களில் எல்லோருமே ஏதோ ஒரு பார்சலுக்குக் காத்திருப்பதால் சந்தேகம் வருவதில்லை. அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால், போலிச் செய்தியும் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அவர்கள் குறி அந்தச் சிறு கட்டணம் இல்லை, நாம் தட்டச்சு செய்யும் அட்டை எண்ணும் ஓடிபியும்தான். சிங்கப்பூரில் இப்படிப் பெயர் போட்டுச் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் 2023 ஜனவரி முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத பெயரில் வந்தவற்றுக்கு ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரை விழுந்தது. இங்கேயும் அதைக் கொண்டுவர வேண்டும்.

பணம் அனுப்பும் இடத்திலும் ஒரு தடுப்பு தேவை. யூரோ நாணயம் புழங்கும் நாடுகளில், பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கிகள் முன்கூட்டியே காட்டியாக வேண்டும் என்பது 2025 அக்டோபர் முதல் விதி. கடையின் பெயர் ஒன்று, பணம் போகும் கணக்கு யாரோ முன்பின் தெரியாதவருடையது என்று கண்ணில் பட்டால் பாதிப் பேராவது கையை எடுத்துவிடுவார்கள்.

எங்கள் தொழில் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். பார்சலை வாங்கும்போதே அதன் எடை எங்கள் கணக்கில் ஏறுகிறது. செய்தித்தாள் பெட்டிக்கும் உண்மையான கார் இருக்கும் பெட்டிக்கும் எடை ஒன்றாக இருக்காது. அந்த எடையை வாங்குபவருக்குப் பொருள் வருவதற்கு முன்பே தெரிவிக்கவும், தகராறு வந்தால் சாட்சியாக ஏற்கவும் உத்தரவிடுங்கள். ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியை வைத்து யார் புகாரையும் தள்ளக் கூடாது. இணையத்தில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மற்ற வழிகளில் வாங்குகிறவருக்குக் கிடைப்பதைவிடக் குறையக் கூடாது என்று, 2015-இல் திருத்தப்பட்ட ஐக்கிய நாடுகள் அவையின் நுகர்வோர் பாதுகாப்பு நெறிகளே சொல்கின்றன.

கடைசியாக, விழிப்புணர்வுத் துண்டறிக்கைகள். இன்னமும் ‘இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு’ என்று அச்சடிக்கிறார்கள். தயவுசெய்து அதை நீக்குங்கள். நாம் அனுப்புவதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு அடையாளம். மறுமுனையில் உட்கார்ந்திருப்பவன் திருடனாகவும் இருக்கலாம், அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுளே 2023-இல் குரோம் உலாவியில் அந்தப் படத்தை மாற்றியது. அதற்குப் பதிலாக, இணைய முகவரியைக் கடைசி எழுத்து வரை படிக்கச் சொல்லுங்கள். பரிசு அட்டை எண்ணைக் கேட்டாலோ, ‘நேராகக் கணக்கில் போடுங்கள், தள்ளுபடி தருகிறேன்’ என்றாலோ விலகச் சொல்லுங்கள். நமக்கு வரும் பணத்தைப் பெற ரகசிய எண் (PIN) போட வேண்டியதில்லை என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அறிக்கையின் தலைப்பிலேயே புகார் எண் இருக்கட்டும்.

அடுத்த விடுமுறைக் காலம் தொடங்கும் முன் இவற்றின் மீது உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன். அந்தச் சிறிய காரின் படத்தையும், அந்த அம்மாவின் சம்மதத்தோடு, இணைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்