மார்ச் மாதத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஜூலையில் நடத்திய பாஸ் மீன்பிடிப் பயணம்: புகாரும் பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கையும்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர் (பதிவு விவரம் இணைப்பில் உள்ளது),
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: டெக்சாஸ் லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் பாஸ் மீன்பிடிப் பயணம் – ஒப்புக்கொண்ட காலத்தில் நடத்தாமை, சேவைக் குறைபாடு – தொகையைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் பாஸ் மீன் பிடிக்கும் பயணத்துக்கு நானும் என் மனைவியும் தங்கள் நிறுவனத்தில் முன்பதிவு செய்திருந்தோம். மார்ச் மாதம் இரண்டாம் வாரம் என்று எழுத்தில் உறுதி செய்து, முழுத் தொகையையும் பெற்றுக்கொண்ட பிறகு, ‘நிர்வாகக் காரணங்கள்’ என்ற இரண்டு சொற்களோடு அந்தப் பயணத்தை ஜூலை மாதத்துக்கு மாற்றினீர்கள். அந்த மாற்றத்தை ஏற்க மறுத்து நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, ரத்து செய்தால் 75 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும் என்று பதில் வந்தது. வேறு வழியின்றி, எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்துவிட்டு ஜூலையில் போய் வந்தோம். இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஏரியும் அதே ஏரி, படகும் கொடுத்தோம், வழிகாட்டியும் கொடுத்தோம், ஆகவே சேவையில் குறை ஏதும் இல்லை என்று தங்கள் அலுவலகம் எழுதியிருக்கிறது. அந்தப் பதிலை நான் ஏன் ஏற்கவில்லை என்பதை இக்கடிதத்தில் விளக்கியிருக்கிறேன்.

தேதி மாற்றம் குறித்துத் தொலைபேசியில் பேசியபோது தங்கள் ஊழியர் என்னிடம், “சார், ஏரி அங்கேயேதான் இருக்கு, மீன் எங்க சார் போயிடும்?” என்று கேட்டார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார் என்பது குரலில் தெரிந்தது. மீன் போகத்தான் செய்கிறது, ஐயா. எங்கே போகிறது, எப்போது போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே ஒரு நிறுவனம் மீன்பிடிப் பயணத்தை விற்றிருக்கிறது என்பதே என் புகாரின் அடிப்படை.

நான் பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேட்டூரிலும் பூண்டியிலும் பணியாற்றிய காலத்திலிருந்தே தூண்டில் பழக்கம் உண்டு. ஆகையால் நீர்த்தேக்கத்தைப் பற்றி எதுவும் அறியாதவர் எழுதும் புகாராக இதைத் தாங்கள் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லார்ஜ்மவுத் பாஸ் எனப்படும் இந்த மீன், குளிர்காலம் முடிந்து நீரின் வெப்பநிலை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸை, தாண்டத் தொடங்கியதும் ஆழத்தை விட்டுக் கரையோரத்துக்கு வரும். ஆண் மீன் வாலால் விசிறித் தரையைச் சுத்தம் செய்து வட்டமான குழி அமைக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டுவிட்டு நகர்ந்துவிடும். முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் காவல் காப்பது ஆண் மீனின் வேலை. நம் ஏரிகளில் விரால் தன் பார்ப்பைக் காக்கும் நாட்களில் அருகில் எது வந்தாலும் பாய்ந்து கடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கிழக்கு டெக்சாஸில் இது பெரும்பாலும் பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை நடக்கிறது. சினை பிடித்த பெரிய பெண் மீன்கள் இடுப்பளவு, ஆளுயர நீருக்கு வருவதும், என்னைப் போல் அந்த ஏரிக்குப் புதியவர் எறியும் இரைக்குக்கூட எட்டும் தூரத்தில் இருப்பதும் அந்த வாரங்களில்தான். உலகின் பல பகுதிகளிலிருந்து மக்கள் அங்கே போவதும், மார்ச் மாதத்துக்கு நான் பணம் கட்டியதும் அதற்காகவே.

ஜூலையில் அதே நீர்த்தேக்கம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. வெயிலில் மேல்நீர் சூடேறி இலேசாகிவிட, அடிநீர் குளிர்ந்து கனமாகவே கிடக்கும், இரண்டும் கலப்பதில்லை. அடியில் மட்கும் இலைதழைகள் அங்குள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுவதால் மீன் ஆழத்தில் தங்க முடியாது. மேற்பரப்பிலோ பகல் முழுவதும் சூடு. எனவே பெரிய மீன்கள் கரையை விட்டு விலகி, மூழ்கிப்போன பழைய ஓடைகளின் விளிம்பிலும், நீருக்கடியில் உள்ள மேடுகளிலும், இந்த இரு அடுக்குகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே கூட்டமாக நிற்கும். ஜூலையில் லேக் ஃபோர்க்கில் மீனே பிடிக்க முடியாது என்று நான் வாதிடவில்லை. பிடிக்கலாம், அங்குள்ளவர்கள் பிடிக்கிறார்கள். ஆனால் அதற்கு விடியலிலோ இரவிலோ போக வேண்டும், ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவி வேண்டும், அந்த மேடுகளை ஆண்டுக்கணக்கில் பழகிய ஆள் வேண்டும். 27,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு அது. நம் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ கால் பங்கு. அவ்வளவு பெரிய நீரில் எந்த மேட்டில் மீன் நிற்கிறது என்று கரையிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இந்த மூன்றில் ஒன்றையும் தாங்கள் ஏற்பாடு செய்யவில்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் என்று தாங்கள் தள்ளிவிடாதிருக்க, டெக்சாஸ் மாநிலத்தின் நடைமுறையையே எடுத்துக்காட்டுகிறேன். 13 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடையுள்ள பாஸைப் பிடிப்பவர்கள் அதை உயிருடன் மாநில வனவிலங்குத் துறையிடம் இனப்பெருக்கத்துக்காக ஒப்படைக்கும் ‘ஷேர்லங்கர்’ திட்டம் 1986 முதல் அங்கே நடந்துவருகிறது. அவ்வாறு மீன்களைப் பெற்றுக்கொள்ளும் காலம் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை. மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ், நம் கணக்கில் எட்டேகால் கிலோ, இதே லேக் ஃபோர்க்கில் 1992 ஜனவரியில் பிடிபட்டது. அந்தச் சாதனையைத் தங்கள் விளம்பரக் கையேட்டில் கொட்டை எழுத்தில் அச்சிட்டவர்கள் தாங்களே. மாதத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

இதைவிட முக்கியமான ஆவணம் தங்கள் விலைப்பட்டியல். அதில் மார்ச் மாதப் பயணத்துக்கு ‘பீக் சீசன் கட்டணம்’ என்ற பெயரில் ரூ.18,000 தனி வரியாகச் சேர்க்கப்பட்டுள்ளது. மாதத்துக்கு மாதம் விலை மாறும் என்று முதலில் சொன்னது தங்கள் நிறுவனமே. ஜூலைக்கு மாற்றிய பிறகு அந்தத் தொகையைத் திருப்பித் தரவும் இல்லை, கழித்துக்கொள்ளவும் இல்லை. எல்லா மாதமும் ஒன்றுதான் என்றால் இந்தக் கட்டணம் எதற்கு? ஒன்றல்ல என்றால் மாற்றிக் கொடுத்த மாதத்துக்கு ஏன் அதே விலை? இந்த இரு கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்காவது எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.

இனி, ஜூலையில் நடந்தது. ஏரிக்கரை விடுதி என்று ஒப்பந்தத்தில் இருந்ததற்கு மாறாக டல்லாஸ் நகரில் ஹோட்டல் அறை கொடுக்கப்பட்டது. அங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். காலைச் சிற்றுண்டி முடிந்துதான் வண்டி கிளம்பும் என்று ஓட்டுநருக்கு உத்தரவாம். படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. சென்னைக்காரர்களுக்கு வெயில் புதிதல்ல. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தவர் என் மனைவி. ஆனால் மீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது இரை எடுக்கும் விடியற்பொழுது முழுவதையும் நாங்கள் ஹோட்டலிலும் நெடுஞ்சாலையிலும் கழித்தோம்.

பட்டியலில் ‘பாஸ் போட்’ என்று இருந்தது. தாழ்வான தளமும், முன்பக்கத்தில் ஓசையின்றி நகர்த்தும் மின்மோட்டாரும், நின்றபடி தூண்டில் வீச மேடையும் கொண்ட படகு அது. எங்களுக்குத் தரப்பட்டதோ, குடும்பத்தோடு உலாப் போவதற்கான, கூரை போட்ட தட்டையான பான்டூன் படகு. லேக் ஃபோர்க்கின் அணை 1980இல் மூடப்பட்டு 1985 டிசம்பரில் ஏரி முழு மட்டத்தை எட்டியபோது, காட்டின் பெரும்பகுதி வெட்டப்படாமலே நீருக்குள் போனது. பட்டுப்போன அந்த மரங்கள் இன்றும் கூட்டம் கூட்டமாக நீரில் நிற்கின்றன. பாஸ் ஒதுங்கும் இடங்களில் அவையும் ஒன்று. அந்த மரங்களுக்கு நடுவே பான்டூன் நுழையாது. அருகில் போகவே வழிகாட்டி தயங்கினார், அவர் தயங்கியது சரிதான்.

அந்தப் படகிலிருந்த சிறிய திரையில் ஆழம் காட்டும் பகுதி வேலை செய்யவில்லை. நீரின் வெப்பநிலை மட்டும் தெரிந்தது: 88 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 31 டிகிரி செல்சியஸ். வழிகாட்டி அந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டி, மார்ச் மாதத்தில் வந்திருக்கலாமே என்றார். தம்மை அந்த வாரம்தான் அழைத்தார்கள் என்றும், வருபவர்கள் ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்றுதான் தமக்குச் சொல்லப்பட்டது என்றும், தூண்டில்களைக்கூடத் தம் வீட்டிலிருந்து எடுத்துவந்ததாகவும் அவர் கூறினார். அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். எங்களுக்காக அவர் தம்மால் முடிந்ததெல்லாம் செய்தார். ஒரு பாலத்தூணின் நிழலில் பிளாஸ்டிக் புழுவைத் தரையோடு மெல்ல இழுக்கச் சொல்லி என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்ததும் அவரே. அகப்பட்ட பாஸ் ஒரு சாண் நீளம் இருக்கும். பக்கவாட்டில் கறுத்த பட்டை, சொரசொரப்பான கீழுதடு. என் மனைவி கட்டைவிரலால் உதட்டைப் பற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு, படம்கூட எடுக்காமல் நீரில் விட்டுவிட்டார். அங்கே நாங்கள் பிடித்த மீன் அது ஒன்றுதான்.

மீன்பிடி உரிமம் கட்டணத்தில் அடங்கும் என்று எழுதியிருந்தீர்கள். டெக்சாஸில் 17 வயது நிறைந்த வெளியூர்க்காரர் எவரும் உரிமம் இன்றித் தூண்டில் போடக் கூடாது. படகுத்துறையில் கேட்டபோது எங்கள் பெயரில் உரிமம் எதுவும் இல்லை. ஆளுக்கு, நாளொன்றுக்கு 16 டாலர் வீதம் நாங்களே கட்டி வாங்கினோம். தொகை சிறியதுதான். வழிகாட்டி நினைவுபடுத்தாமல் இருந்திருந்தால் அபராதம் எங்கள் பெயரில் விழுந்திருக்கும் என்பது சிறிய விஷயமல்ல.

கையேட்டைப் பற்றி மேலும் ஒரு செய்தி. ‘பிடித்த மீனை அன்றிரவே சமைத்து உண்ணலாம்’ என்ற வரிக்கு மேலே, ஒருவர் பெரிய பாஸை மார்போடு அணைத்து நிற்கும் படம் போட்டிருக்கிறீர்கள். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட நீளமுள்ள பாஸை உடனே நீரில் விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து பாஸ் வைத்துக்கொள்ளலாம், அவற்றுள் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றுக்கு மேல் கூடாது. படத்திலுள்ள மீன் அந்த இடைப்பட்ட அளவுதான் என்பது என் கணிப்பு. அதைச் சமைத்தால் சட்ட மீறல். அந்த ஏரியில் பெரிய மீன்கள் மிஞ்சியிருப்பதற்கு அந்த விதியும் ஒரு காரணம் என்பதால், அதை மீறத் தூண்டும் வரியை அடுத்த பதிப்பிலாவது நீக்கிவிடுங்கள். இதை என் இழப்பீட்டுக் கோரிக்கையோடு சேர்க்கவில்லை.

‘பயணத் தேதிகளை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு’ என்ற விதிமுறையைத் தங்கள் அலுவலகம் பதிலில் மேற்கோள் காட்டியிருக்கிறது. ஓரிரு நாள் தள்ளிப்போவதற்கும், விமான நிறுவனம் நேரத்தை மாற்றுவதற்கும் அந்த விதி பொருந்தலாம். நான்கு மாதம் தள்ளி வேறொரு பருவத்தில் கொண்டுபோய்ப் போடுவதற்கும், அதை மறுக்கும் வாடிக்கையாளரிடம் முக்கால் பங்குப் பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் அது இடம் தராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சேவைக் குறைபாட்டையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும், நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற ஒப்பந்தத்தையும் தனித்தனியே வரையறுக்கிறது. என் நேர்வு மூன்றுக்குள்ளும் வருவதாகவே கருதுகிறேன்.

ஆகவே, மீன்பிடிப்புப் பகுதிக்கென விலைப்பட்டியலில் காட்டப்பட்டுள்ள ரூ.1,42,000, பீக் சீசன் கட்டணமான ரூ.18,000, ரசீதின்படி நாங்கள் செலுத்திய உரிமத் தொகை ஆகியவற்றை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். விமானக் கட்டணத்தையும் ஹோட்டல் செலவையும் நான் கேட்கவில்லை. டல்லாஸில் வசிக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்தோம், அந்தப் பயன் எங்களுக்குக் கிடைத்தது. பணத்துக்குப் பதிலாக வேறு சுற்றுலாவுக்கான கூப்பன் தருவதாகத் தங்கள் ஊழியர் வாய்மொழியாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை.

குறித்த காலத்துக்குள் பணம் வராவிட்டால், சென்னையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். முன்பதிவு உறுதிக் கடிதம், விலைப்பட்டியல், தேதி மாற்ற மின்னஞ்சல், என் எதிர்ப்பு மின்னஞ்சல், கையேடு, உரிம ரசீதுகள், வெப்பநிலை தெரியும் படகுத் திரையின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். மூலப் பிரதிகள் என்னிடம் உள்ளன. தங்கள் அதிகாரி முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மயிலாப்பூருக்கு வந்தால் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்