கியர்பாக்ஸ் எஸ்டிமேட் பற்றி அஜினுக்கு

மார்த்தாண்டம்,
ஜூன் 2026

அன்பு மகன் அஜினுக்கு,

எஸ்டிமேட் போட்டோ வந்தது மக்ளே. இத்தனை நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒரு வரிகூட எழுதாமல் ஒர்க்‌ஷாப் தாளை மட்டும் அனுப்பினால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசும் படி.

முதல் காரியம், நம் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் வண்டியை எடுக்காதே. ரெண்டிலிருந்து மூணு விழும்போது எஞ்சின் மட்டும் இரைகிறது, அப்புறம் வண்டி ஒரு சாட்டம் சாடுகிறது என்று அன்றைக்குச் சொன்னாய். மூணாவது கியரின் கிளட்ச் பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்குகிறது என்று அர்த்தம். வழுக்க வழுக்கச் சூடு ஏறும், பிளேட்டில் ஒட்டியிருக்கிற காகித லைனிங் பொடியாகும், அந்தப் பொடி ஆயிலோடு போய் ஆயிலைப் பங்கிடும் வால்வ் பாடியில், எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரில் எல்லாம் குடியேறும். சின்னச் செலவில் முடிகிற வேலை அப்படித்தான் பெரிசாகிறது. அவசரத்துக்கு எங்காவது கொண்டுபோக வேண்டுமானால், பிளாட்பெட் லாரியில் ஏற்று. முன்சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதே. எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸ் பம்ப் ஓடும். எஞ்சின் நின்றபடி இழுத்தால் உள்ளே ஆயில் ஓட்டம் இல்லாமல் ஷாஃப்டும் பேரிங்கும் தேயும்.

கடையில் பார்ட் நம்பர் பார்க்காமலே ஆயில் சீலைக் கையில் எடுத்துக் கொடுத்த பையன் நீ. அந்தத் தாளை நீயே ஒரு தடவை படித்திருந்தால் தெரிந்திருக்கும். "கியர்பாக்ஸ் ஃபால்ட், மாற்ற வேண்டும்" என்று இருக்கிறதே, எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எங்கே இருக்கிறது? ஸ்கேன் போட்டார்களா? டேஷ்போர்டில் டி விளக்கு மின்னினால் கம்ப்யூட்டரில் கோடு, அதாவது கோளாறு நம்பர், பதிவாகியிருக்கும். பி0700 என்பது "வேறே கோடு இருக்கிறது, பார்" என்று சொல்வது மட்டும்தான். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது வழுக்கல். பி0740 என்றால் கன்வெர்ட்டர் லாக்-அப் பக்கம். பி0720 என்றால் வெளி ஷாஃப்டின் ஸ்பீடு சென்சார். எந்தக் கோடு என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதே.

அந்தக் கடைசி சென்சார் விஷயமாக இன்னொன்று. எஸ்டிமேட்டில் கிலோமீட்டர் 1,40,050 என்று எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இங்கே ஆயில் மாற்றி ஒட்டிய ஸ்டிக்கரில் 1,38,600. இங்கிருந்து வேளச்சேரி போய்ச் சேரவே 700-க்கு மேல் ஓடியிருக்கும். மீதி இருப்பதும் 700 சொச்சம்தான். சிறுசேரிக்குப் போய்வர ஒரு நாளைக்கு 40-க்குக் குறையாது. நாலு வார ஆபீஸுக்குக்கூட அது காணாது. ஸ்பீடு சென்சார் கெட்டால் கியரும் குழம்பும், மீட்டரும் சில நேரம் ஓடாது. அதற்காகத்தான் கேட்கிறேன், மீட்டர் சரியாக ஓடுகிறதா? ஓடுகிறதென்றால் ஓடுகிறது என்று எழுது. வேறொன்றும் இல்லை.

அடுத்தது ஆயில். நம் சிட்டிக்கு மற்ற வண்டிகளைப்போல எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு டிப்ஸ்டிக் பார்க்கக் கூடாது. வண்டி சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்றபின், சமதரையில் எஞ்சினை அணைத்து, ஒரு நிமிஷத்திலிருந்து ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் அளவு பொய் சொல்லும். அளவு குறைந்திருந்தால் அதுவே வழுக்கலுக்குப் போதும், கேட்டியா? பிறகு வடிக்கச் சொல். வடிகால் பிளக்கில் காந்தம் இருக்கும். சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். ஊசியாகவோ செதிலாகவோ இரும்பு இருந்தால் பேரிங்கோ கியரோ போயிருக்கிறது, அதற்கு மேல் பேச்சே இல்லை, இறக்கத்தான் வேண்டும். ஆயில் கறுத்துக் கருகின வாடை வந்தால் கிளட்ச் பிளேட். ரோஸ் பாலாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு வண்டி எங்கே நின்றது? "சக்கரம் வரைக்கும்தான்மா" என்று அன்றைக்குச் சொன்னாய். சக்கரம் வரைக்கும் என்றால் கியர்பாக்ஸும் மூழ்கியிருக்கும். மேலே இருக்கிற மூச்சுக்குழல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் போனாலே லைனிங் ஊறும், பசை விடும். அதற்குப் பிறகு கியர் ஆயில் மாற்றினாயா? எனக்குத் தெரிந்து மாற்றவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளைதான் நீ, ஆனால் கேட்க வேண்டியதை எங்களிடம் சொல்ல மாட்டாய்.

இந்த கியர்பாக்ஸில் மூணாவது மட்டும் வழுக்குவதே ஒரு துப்பு. எல்லாக் கியரும் வழுக்கினால் பம்ப், சல்லடை அடைப்பு, ஆயில் குறைவு என்று போகலாம். ஒன்று மட்டும் என்றால் அந்த கிளட்சும் அதற்கு ஆயில் கொண்டுபோகிற வழியும்தான். கேஸில் ஒவ்வொரு கிளட்சுக்கும் பிரஷர் பார்க்கத் தனித்தனி துளை இருக்கிறது. கேஜ் மாட்டி மூணாவதை அளக்கச் சொல். பிரஷர் சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிரஷர் குறைந்தால் முதலில் ஆயில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் லீனியர் சோலினாய்டு வால்வையும் அதன் சல்லடையையும் பார்க்கச் சொல். கிளட்ச் பிரஷர் ஸ்விட்ச் கெட்டாலும் கம்ப்யூட்டர் குழம்பி சாட்டம் வரும். இவையெல்லாம் வெளியிலிருந்தே கழற்றக்கூடியவை, கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தாலும் சாடும், அதையும் பார்க்கச் சொல். சோலினாய்டு மாற்றி, வண்டி சூடாக இருக்கும்போது மூணு தடவை ஆயில் வடித்து ஊற்றினாலே சரியாகிற வண்டிகள் உண்டு. ஒரு தடவைக்கு வடிவது இரண்டரை லிட்டர்தான், பாதி ஆயில் உள்ளேயே தங்கும், அதனால்தான் மூணு தடவை, நடுநடுவே எல்லாக் கியரிலும் ஓட்டிவிட்டு. ஹோண்டாவின் டிடபிள்யூ-1 கியர் ஆயில் மட்டும். "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று எழுதிய டப்பா வேண்டாம். கம்பெனி கவுண்டரில் பில் போட்டு வாங்கு, போலி டப்பா கண்ணால் பார்த்தால் தெரியாது. வடிகால் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. மிஷின் வைத்து அழுத்தி அடிக்கிற ஃபிளஷ் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் பார்த்தும் இறக்கத்தான் வேண்டும் என்றால் அப்போது இரண்டு கணக்கு. அவர்கள் போட்டிருப்பது, பழைய கியர்பாக்ஸ் வாங்கி மாட்ட 95,000. நம்முடையதையே பிரித்துச் செய்ய 1,30,000. கம்பெனிப் புது அசெம்ப்ளியை நான் பேசவே இல்லை, அது வண்டி விலையைத் தாண்டும்.

95,000 குறைவு என்று அதில் விழாதே. பழைய பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டையிலிருந்து வருகிற கியர்பாக்ஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடினது, எந்த வெள்ளத்தில் கிடந்தது என்று யார் சொல்வார்? 2015-லும் 2023-லும் மூழ்கிய வண்டிகள் எங்கே போயின என்று நினைக்கிறாய்? எடுப்பதாக இருந்தால் மாட்டுவதற்கு முன்னால் உன் கண்முன் வடித்துக் காந்தத்தைப் பார், கேஸில் குத்தியிருக்கிற எழுத்து நம்முடையதோடு பொருந்துகிறதா பார். முன்பக்க ஆயில் சீல் புதிதாகப் போடச் சொல். ஆர்சியில் எஞ்சின் நம்பர்தான் இருக்கும், கியர்பாக்ஸ் நம்பர் இல்லை, அந்தத் தொல்லை கிடையாது.

பிரித்துச் செய்வதுதான் என் மனசு. ஆனால் இந்த எஸ்டிமேட்டில் இல்லை. "ஓவர்ஹால் கிட்" என்று ஒரே வரி. அது கேஸ்கட்டும் ஓரிங்கும் சீலும் மட்டுமா, லைனிங் ஒட்டிய ஃப்ரிக்‌ஷன் பிளேட்டும் சேர்த்தா? ஸ்டீல் பிளேட் இல்லவே இல்லை. சூட்டில் நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட்டோடு புது ஃப்ரிக்‌ஷன் போட்டால் சீக்கிரமே பழைய கதைதான். டார்க் கன்வெர்ட்டர் இல்லை. அது வெல்டு செய்து மூடிய சாமான், உள்ளே இருக்கும் பொடியைக் கழுவி எடுக்க முடியாது. வெட்டிச் செய்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். கூலர் பைப்பைக் கழுவுவதும் இல்லை. இந்த மூணையும் விட்டுவிட்டு 1,30,000 என்றால், இரண்டாவது தடவை இறக்குகிற கூலியையும் நீதான் கொடுப்பாய்.

செய்கிறவரிடம் கேள். புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை மாட்டும் முன் அரை மணி நேரமாவது ஆயிலில் ஊற வைப்பாரா, கிளட்ச் இடைவெளியை அளப்பாரா, மூடுவதற்கு முன் காற்று விட்டு ஒவ்வொரு கிளட்சும் கடிக்கிறதா பார்ப்பாரா, கன்வெர்ட்டர் பம்ப்பின் பல்லில் முழுசாக உட்கார்ந்தபின்தான் போல்ட் முறுக்குவாரா. அது உட்காராமல் இழுத்து முறுக்கினால் ஸ்டார்ட் செய்த அன்றே பம்ப் போகும். தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பழைய பிளேட்டுகளை ஒரு கவரில் போட்டு உன்னிடம் தரச் சொல். வாரண்டியை எழுதி வாங்கு, இறக்கி ஏற்றும் கூலியும் அதில் சேர வேண்டும். 1,000 கிலோமீட்டரில் ஆயில் ஒரு தடவை மறுபடி மாற்று.

இப்போது முக்கியமானது. ஆர்சி புதுப்பித்தது 2030 வரைக்கும் இருக்கிறது. அதுவரை நீ இந்த வண்டியைத்தான் ஓட்டுவாய் என்றால் பிரித்துச் செய்வது பொருந்தும். ஒரு வருஷத்தில் கொடுத்துவிடுவாய் என்றால், ஒன்றும் செய்யாமல் உள்ளபடி சொல்லி விற்றுவிடு, செய்த செலவு விலையில் திரும்பாது. தினமும் ஓட்டாத வண்டி என்றால் கணக்கே வேறு. எது என்று நீ சொல்லாமல் எப்படி நான் சொல்வது? அப்பா வாங்கியது என்பதற்காக வைத்திருக்காதே. இதற்காக லோன் எடுக்காதே. கார்டில் தேய்க்காதே. மாசம் அனுப்புகிற பைசாவை இனி கொஞ்ச நாளைக்கு அனுப்ப வேண்டாம். மழைக்கு ரப்பர் வெட்டு நின்றாலும் ஷீட்டு விற்றது கையில் இருக்கிறது. அதையும் மறுபடி மறுபடி சொல்ல வைக்காதே. வண்டி வீட்டு வாசலில் கிடந்தால் கிடக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை. நீ மட்டும் அனந்தபுரியில் ஏறி வா, குழித்துறையில் இறங்கினால் ஆட்டோ இருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். சித்தி மகளுக்கு நிச்சயம் முடிந்தது, தேதி சொல்கிறேன். எனக்கு ராத்திரி கொஞ்சம் வெப்ராளம், வேறொன்றும் இல்லை.

கோடு நம்பர், காந்தத்தின் போட்டோ, வெள்ளத்தில் எவ்வளவு தண்ணீர், மீட்டர், எத்தனை வருஷம். இந்த ஐந்துக்கும் பதில் அனுப்பு. முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதும்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: ஷைனியைக் கேட்டதாகச் சொல். கடிதத்தை முழுசும் அவளிடம் காட்ட வேண்டாம் என்று தோன்றினால் ஆயிலும் கிளட்சும் எழுதிய பக்கத்தை மட்டும் காட்டு.