திறமை தானாக மேலே வந்துவிடாது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த விளையாட்டுக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரை முழுவதோடும் எனக்குச் சண்டை இல்லை. அதில் ஒரே ஒரு வரி: "திறமை இருந்தால் தானாக மேலே வரும், அவரவர் ஆசைக்கு ஓடுவதற்கெல்லாம் அரசு ஏன் செலவு செய்ய வேண்டும்?" அந்த இடத்தில் இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஆகியும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் காலை ஐந்தரை மணிக்குப் பதினைந்து இருபது பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறேன். சம்பளம் கிடையாது, நான் கேட்கவும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி நீளம் தாண்டுகிறாள். தாண்டும் குழியில் மணல் கொட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒரு மழை பெய்தால் போதும், இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். தினமும் மண்வெட்டியால் கொத்திக் கிளறிவிட்டுத்தான் தாண்ட வேண்டும், இல்லையென்றால் முதுகு போய்விடும்.

போன மாதம் அப்படிக் கொத்தும்போது கணீரென்று சத்தம் கேட்டது. குனிந்து எடுத்தால் உடைந்த பாட்டிலின் அடிப்பாகம், கூர்முனை மேலே பார்த்தபடி புதைந்து கிடந்தது. இரண்டு நாள் முன்னால் அதே மைதானத்தில் ஏதோ விழா நடந்திருந்தது. அந்தப் பெண் கண்ணாடித் துண்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நேத்து நான் இங்கதான் சார் விழுந்தேன்" என்றாள். அழவில்லை. நான்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து குழி மண் முழுவதையும் சல்லடையில் போட்டுச் சலித்தோம். இன்னும் ஏழு துண்டுகள் கிடைத்தன.

இந்தப் பிள்ளையின் திறமை தானாக மேலே வரட்டும் என்கிறார் உங்கள் கட்டுரையாளர். எதன் மேல் கால் வைத்து ஏறி வருவது என்றும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அமெரிக்காவை அவர் உதாரணம் காட்டியிருக்கிறார். அங்கே ஒலிம்பிக் கமிட்டிக்கு அரசு நேரடியாக நிதி கொடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்டின் தடகள வீரர்கள் எங்கே ஓடிப் பழகுகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததா? பள்ளியிலும் கல்லூரியிலும்தான். அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. 1972-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்விக்கூடம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அதற்கு முன்னால் உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சம் பேர்கூட இல்லை. இன்றைக்கு முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 1971-இல் அந்தப் பெண்களிடம் திறமை இல்லாமலா போயிற்று? கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான். அதைத் திறந்தது அரசு.

பணக்கார நாட்டுக் கதை வேண்டாம் என்றால் ஜமைக்காவைப் பாருங்கள். உசேன் போல்ட் பெயரைச் சொன்னதும் எல்லோரும் பிறவித் திறமை என்று பேசி முடித்துவிடுவார்கள். அந்தச் சின்னத் தீவில் பள்ளிகளுக்கிடையே தடகளப் போட்டி 1910 முதல் நடந்து வருகிறது. உடற்கல்வி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குவதற்கென்றே 1980-இல் ஒரு கல்லூரி திறந்தார்கள், கியூபா கட்டிக்கொடுத்தது. அங்கே படித்தவர்கள்தான் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஓட வைக்கிறார்கள். ஓடக்கூடிய பிள்ளையைப் பார்த்ததும் அடையாளம் காண ஒருத்தர் அங்கே நிற்க வேண்டும், ஐயா. அந்த ஒருத்தருக்குச் சம்பளம் கொடுப்பது யார் வேலை?

பதக்கத்துக்குப் பணம் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பிரிட்டன் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பியது. அப்புறம் லாட்டரிப் பணத்தை விளையாட்டில் கொட்டினார்கள், 2012-இல் 29 தங்கம் வந்தது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதக்கம் வருமா வராதா என்று பார்த்துத்தான் பணம் போயிற்று. 2014-இல் கூடைப்பந்துக்கான நிதியை நிறுத்தினார்கள், ஒலிம்பிக்கில் ஜெயிக்க வாய்ப்பில்லை என்று. ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தாலே ஏழை வீட்டுப் பிள்ளையும் ஆடக்கூடிய விளையாட்டு அது. பதக்கம் தராது என்றால் அந்தப் பிள்ளை ஆட வேண்டாமா? உடற்கல்வியும் விளையாட்டும் ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978-லேயே சாசனம் எழுதி வைத்தது. பதக்கம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை.

காசு வாங்காமல் ஆசைக்கு ஆடுகிறவரை 'அமெச்சூர்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஜிம் தோர்ப் ஞாபகம் வருவார். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகாத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றவர். அமெரிக்கப் பூர்வகுடி, ஏழை. அதற்கு முன்பு ஏதோ கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக அடுத்த ஆண்டே பதக்கங்களைப் பறித்தார்கள். 1953-இல் அவர் இறந்துபோனார். 1983-இல்தான் அவர் பிள்ளைகளிடம் பதக்கம் வந்து சேர்ந்தது. காசுக்கு ஆடாதே என்பது சொத்துள்ள வீட்டில் பிறந்தவனுக்கு எளிது. இல்லாதவன் எதைக் கொண்டு ஆடுவான் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. "அவரவர் ஆசைக்கு" என்று உங்கள் கட்டுரையில் படித்தபோது அதே குரல்தான் என் காதில் விழுந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் 800 மீட்டர் ஓடினவன். மண் தரையில் வெறுங்காலோடு ஓடியே மாநிலப் போட்டி வரைக்கும் வந்தேன். செயற்கைத் தடம் என்ற ஒன்றை முதன்முதலில் கண்ணால் பார்த்ததே போட்டி நடந்த அன்று காலையில்தான். ஒருவரிடம் ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி, இரவல் வாங்கினேன். ஒரு சைஸ் பெரிது, முன்பக்கம் துணியைத் திணித்துக் கட்டிக்கொண்டேன். அறுநூறு மீட்டர் வரை நான்தான் முன்னால். அப்புறம் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டது. நாலாவதாக வந்தேன். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். எங்களை அழைத்து வந்த சங்க நிர்வாகிகள் நல்ல விடுதியில் தங்கினார்கள், நாங்கள் ஒரு பள்ளி வராந்தாவில் படுத்தோம். இதெல்லாம் பழைய கதைதான். ஆனால் இன்றைக்கும் என் பிள்ளைகள் ஒரு ஜோடி ஸ்பைக்ஸை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும்போது பழசு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பணியில் இருந்த காலத்தில் தேர்வு நெருங்கினால் முதலில் போவது என் பாடவேளைதான். "சார், உங்க பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடுங்க" என்பார்கள். கொடுத்திருக்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

ஜெயித்து வந்தவர்களுக்கு விழா எடுக்கட்டும், பரிசு கொடுக்கட்டும், அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் அதற்கு முந்தைய பத்து வருடம் அந்தப் பிள்ளையைச் சுமந்தது யார்? அப்பா, அம்மா, வீட்டில் அடகு வைத்த நகை. அந்தப் பத்து வருடத்தில்தான் அரசு வேண்டும். உங்கள் இதழும் பதக்க விழாப் படங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறது. போன வருடம் பள்ளிகளுக்கிடையிலான போட்டி முடிவுகளை நேரம், தூரம் எல்லாம் குறித்து என் கைப்பட எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று பதில் வந்தது. தங்கள் சிரமம் புரிகிறது. இருந்தாலும் தன் பெயரை அச்சில் பார்க்க அந்தப் பிள்ளைகள் மூன்று வாரம் காத்திருந்தார்கள் என்பதைத் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது நான் கேட்பது இரண்டே இரண்டு. மைதானத்தின் கேட் காலையில் பூட்டியே கிடக்கிறது. நாங்கள் சுவர் ஏறித்தான் உள்ளே போகிறோம், பெண் பிள்ளைகள் பையை முதலில் வீசிவிட்டுப் பின்னால் குதிக்கிறார்கள். ஐந்து மணி முதல் எட்டு மணி வரை சாவியைப் பொறுப்பான ஓர் ஆளிடம் கொடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று, தாண்டும் குழிக்கு ஒரு லோடு ஆற்று மணல். மனுவாக மூன்று முறை கொடுத்தாயிற்று, பதில் இல்லை. தங்கள் இதழில் வந்தால் உரியவர் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாது என்றால் மேலே எழுதியதையெல்லாம் தயங்காமல் வெட்டிவிடுங்கள். சாவியையும் மணலையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்குப் போட்டி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்